பனாட்டு: யாழ்ப்பாணத்து உணவு வரலாற்றில் ஒரு கனியின் இடம்

ஓர் உணவுப் பண்டத்தின் பெயர் இலக்கண நூலொன்றிலே தனி விதி பெறுவது அரிது. தொல்காப்பியத்து எழுத்ததிகாரத்தின் உயிர்மயங்கியலிலே, பனை என்னும் சொல்லோடு அட்டு என்னும் சொல் வந்து புணருங்கால், பனையின் ஈற்றிலுள்ள ஐகாரம் கெட்டு அவ்விடத்து ஆகாரம் தோன்றும் என ஒரு சூத்திரம் விதிக்கின்றது. அவ்விதியால் அமையும் சொல்லே பனாட்டு. அச்சொல் அக்காலத்திற் குறித்த பண்டம் இன்று நாம் அறிந்த பனாட்டேதானா, அன்றிப் பனையின் சாற்றை அட்டுப் பெற்ற வேறொரு கட்டியா என்பது அச்சூத்திரம் ஒன்றைக் கொண்டு துணியத்தக்கதன்று. எனினும், ஏட்டிலக்கணம் காத்த அச்சொல்லை இலக்கணம் கல்லாத யாழ்ப்பாணத்துக் குடியானவப் பெண்களும் தம் நாவிலே காத்து வந்துள்ளனர் என்பது நம் சிந்தனைக்குரியது.

அரசர் பெயர்களையும் போர்களையும் நிலவுரிமைகளையும் ஆராய்ந்த நம் வரலாற்றாசிரியர்கள், அவ்வரசர்க்குக் குடிகளாயிருந்தோர் மாரிகாலத்தில் எதனை உண்டு உயிர்வாழ்ந்தனர் என்ற வினாவை அதிகம் எழுப்பவில்லை. பனம்பழத்தைப் பறியாது பொறுக்கி, பிழிந்து, உலர்த்தி, சேமித்து உண்ட முறைகளை நோக்குவோமாயின் அவ்வினாவுக்கு ஓரளவு விடை கிடைக்கும். அவ்விடையை நாடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் பருவமும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மீது படிந்த மெல்லிய மண்போர்வையினையுடைய சமநிலம். ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு அங்கில்லை. கிணற்று நீரும் வாடைக்காற்றோடு வரும் மாரிமழையுமே கமத்தொழிலுக்கு ஆதாரம். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையை நம்பி ஒரு போகம் நெல் விளைவிப்பர். அந்நெல் தை, மாசியில் வீடு வந்து சேரும். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. நெடுந்தீவு போன்ற தீவுகளில் நெல் விளைவதற்கு ஏற்ற நிலமும் மிகக் குறைவு.

இந்நிலையிலே பனையின் பருவத்தை நெல்லின் பருவத்தோடு ஒருங்கு வைத்துப் பார்த்தல் வேண்டும். தை, மாசியில் நிறைந்த நெற்கூடு ஆவணி, புரட்டாதியிற் பெரும்பாலும் வெறுமையடைந்திருக்கும். அப்பொழுதுதான் பனம்பழம் விழத் தொடங்கும். சோளகக் காற்று வீசும் அவ்வறண்ட நாள்களின் வெயில் பழத்தின் களியை உலர்த்துவதற்கு ஏற்றது. பழம் ஓய்ந்து முதல் மழை வீழ்ந்ததும் பிழிந்தெடுத்த விதைகளைப் பாத்தியில் அடுக்கி மண்ணால் மூடுவர். மழைக்காலம் முழுவதும் உலர்ந்த பனாட்டு உணவாகும். அது முடியும் தறுவாயிற் பாத்தியிலிருந்து கிழங்கு வெளிவரும். கிழங்கை அவித்தும், பச்சையாகக் கிழித்துலர்த்தி ஒடியலாக்கியும், அவித்துலர்த்திப் புழுக்கொடியலாக்கியும் அடுத்த கோடைக்கு வைப்பர். நெல் விட்ட இடைவெளியைப் பனை நிரப்பிய ஒழுங்கு இது.

மேலைநாடுகளில் அத்திப்பழம் பெற்ற இடம் இதற்கு ஒத்ததாகும். மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் அத்திப்பழம் குறுகிய காலத்தில் மிகுதியாகக் கனிந்து, இரண்டொரு நாளில் அழிவது. ஆதலின் புதிதாய் உண்டது போக எஞ்சியதை வெயிலில் உலர்த்தி, அமுக்கிக் கட்டிகளாக்கி மாரிக்கு வைத்தனர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் கேற்றோ, வேளாண்மை பற்றிய தம் நூலிலே, விலங்கிடப்பட்ட அடிமைகளுக்கு மாரியில் நாளொன்றுக்கு 4 இறாத்தல் அப்பமும், முந்திரிகைத் தோட்டத்திற் கொத்தத் தொடங்கிய பின் 5 இறாத்தலும், அத்திப்பழம் உண்ணத் தொடங்கியதும் மீண்டும் 4 இறாத்தலும் கொடுக்குமாறு கூறுகிறார். மரத்திற் பழம் கனிந்தவுடன் அடிமையின் தட்டில் அப்பம் குறைகின்றது. பழம் சுவைப்பொருளாக மட்டுமன்றித் தானியத்துக்கு ஈடான உணவாகவும் கணக்கிடப்பட்டது என்பதற்கும், அக்கணக்கை எழுதியவன் உண்டவனல்லன் என்பதற்கும் இஃது ஒரு சான்று. யாழ்ப்பாணத்திலும் இவ்விரு செய்திகளும் பொருந்துவதைக் காண்போம்.

கனியை உண்ணும் முறைகள்

பனம்பழம் மரத்தினின்று பறிக்கப்படுவதில்லை. நன்கு கனிந்ததும் தானே விழும். கரிய புறத்தோலை உரித்தால் உள்ளே செம்மஞ்சள் நிறமான களி, தும்புகளோடு பின்னிக் கிடக்கும். அதனுள்ளே பெரும்பாலும் மூன்று விதைகள் இருக்கும். பழத்தை அப்படியே கடித்துச் சூப்புதல் சிறுவர் வழக்கம். எனினும், பச்சைப் பழத்திலுள்ள கைப்பும் காறலும் காரணமாக, நெருப்பிலிட்டுச் சுட்டு உண்பதே பெருவழக்காயிற்று. காவோலையை மூட்டி அத்தணலிற் பழத்தைப் புரட்டிப் புரட்டிச் சுடுவர். தோல் கருகி, களி இளகி, மணம் எழுந்ததும் எடுத்துத் தோலை நீக்கி உண்பர். சுட்ட பழத்தைப் பழப்புளிக் கரைசலோடு பிசைந்து உண்பதும் உண்டு. புளிப்பு, கைப்பை மறைத்து இனிப்பை எடுத்துக் காட்டும்.

பிழிந்த களியை வடித்து, சீனியோ சர்க்கரையோ இட்டுக் காய்ச்சி, மா சேர்த்துப் பிசைந்து, கொதிக்கும் எண்ணெயில் விரல்களாற் கிள்ளியிட்டுப் பொரித்தெடுப்பது பனங்காய்ப் பணியாரம். பொரித்த அன்றிலும் மறுநாளே அதன் சுவை மிகும் என்பது இல்லத்துப் பெண்கள் கண்ட உண்மை.

இவை யாவும் பழம் விழும் சில வாரங்களுக்குரியவை. ஆண்டின் எஞ்சிய பகுதிக்குரியது பனாட்டு. அதனைச் செய்யும் முறையை 1850ஆம் ஆண்டிற் கொழும்பில் வெளிவந்த தம் நூலிலே வில்லியம் பேர்குசன் விரிவாக எழுதியுள்ளார். பனையையே பொருளாகக் கொண்ட அந்நூல், இலங்கைப் பனையை, சிறப்பாக யாழ்ப்பாணத்துப் பனையை, அறிய முயல்வோர்க்கு இன்றும் இன்றியமையாதது. கனிந்த பழங்களை நீருள்ள பெட்டிகளிலிட்டுக் கையாற் பிசைந்து களியாக்குவர் என்றும், அக்களியைப் பந்தரின்மீது விரித்த பனையோலைப் பாய்களிற் பரப்பி உலர்த்துவர் என்றும், ஒரு படை உலர்ந்தபின் மறுபடை என ஏறத்தாழ 15 படைகள் இடுவர் என்றும், இரண்டு மூன்று வாரங்கள் வெயிலில் விட்டு இரவிற் பனியும் மழையும் படாது மூடுவர் என்றும் அவர் குறிப்பிடுகின்றார். பருவத்தின் இறுதியிற் பாய்களில் எஞ்சியதைக் கொண்டு ஆக்கிய முரட்டு வகை தோற்பனாட்டு எனப்பட்டதையும் அவர் பதிவு செய்துள்ளார்.

இவ்விவரணம் இன்றும் ஊர்ப்புறங்களில் முதியோர் கூறுவதோடு பெரிதும் ஒத்திருக்கிறது. படைபடையாக இடுவதிலே நுட்பம் உண்டு. களியைத் தடிப்பாக ஒரே முறையில் ஊற்றினால் மேற்புறம் உலர்ந்து உட்புறம் புளித்துவிடும். மெல்லிய படையாக இடுங்கால் ஒவ்வொன்றும் முற்ற உலர்ந்த பின்னரே அடுத்தது அதன்மேற் படியும். நீர்ப்பற்று நீங்கி இனிப்புச் செறிவதால் பனாட்டு மாதக்கணக்கிற் கெடாதிருக்கும். உலர்ந்ததைப் பாயினின்றும் உரித்து, துண்டுகளாக வெட்டி, ஓலைப் பெட்டிகளிலிட்டு அடுப்புக்கு மேலே புகைபடும் இடத்தில் வைப்பர். பனம்பாணியில் மிளகு முதலிய சரக்குகளோடு ஊறவைத்தது பாணிப்பனாட்டு, விருந்தினர்க்குரியது அது. அன்றாடம் உண்டது தேங்காய்ச் சொட்டோடு கடித்த வெறும் பனாட்டே.

இம்முறையில் எதுவும் வீணாவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. தோலும் தும்பும் மாட்டுக்கு உணவாகும். விதை பாத்திக்குச் செல்லும். முளைத்த விதையைப் பிளந்தால் உள்ளேயிருக்கும் வெண்மையான பூரான் சிறுவர்க்குத் தின்பண்டமாகும். எஞ்சிய ஊமல் எரிந்து கரியாகும்.

கைப்பும் அதன் காரணமும்

எந்த மரத்தின் பழம் இனிக்கும், எதன் பழம் காறும் என்பதை ஊரவர் மரம் மரமாக அறிந்திருந்தனர். பழம் விழும் ஒலியைக் கேட்டே இன்ன மரம் எனக் கூறும் முதியோரும் இருந்தனர். இவ்வறிவின் அடிப்படையைப் பிற்கால இரசாயன ஆய்வு விளக்கியுள்ளது. பனங்களியிலுள்ள கைப்புக்குக் காரணம் பிலபெலிபெரின் எனப் பெயரிடப்பட்ட பொருள்கள் என இலங்கைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிறுவினர். அவை நீரிற் கலக்கினால் நுரைக்கும் சப்போனின் வகையைச் சார்ந்தவை. நரிஞ்சினேசு என்னும் நொதியத்தைச் சேர்த்து அக்கைப்பை நீக்கலாம் என்பதும் காட்டப்பட்டது.

இந்நுரைக்கும் தன்மையை அறிவியல் பெயரிடுமுன்னரே மக்கள் பயன்படுத்தினர். பனங்களியைக் கொண்டு உடை வெளுத்தல் யாழ்ப்பாணத்திற் பழைய வழக்கம். நாவிற் கைப்பதும் துணியின் அழுக்கை அகற்றுவதும் ஒரே பொருளின் இரு தொழில்களாம்.

கிழங்கைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் தகும். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, அந்நீரை வடித்து அகற்றிய பின்னரே பிட்டாகவோ கூழாகவோ சமைப்பது மரபு. 1971ஆம் ஆண்டிற் பேராதனை மருத்துவ ஆய்வாளர்கள், பனங்கிழங்கு மாவை உணவாக உட்கொண்ட எலிகளில் தீய விளைவுகளைக் கண்டு வெளியிட்டனர். அவ்விளைவுகளை மனிதர்க்கு அப்படியே ஏற்றிக் கூறல் பொருந்தாது. ஆயினும், பாட்டியர் வடித்தூற்றிய நீரை வெறும் பழக்கமெனத் தள்ளிவிடாது ஆராயவேண்டும் என்பதை இஃது உணர்த்துகின்றது.

மரம் யாருடையது, பழம் யாருடையது?

இதுவரை கூறியவற்றால், பனை எல்லார்க்கும் பொதுவாகப் பயன் நல்கிய கற்பகதரு என்ற எண்ணம் தோன்றலாம். அவ்வெண்ணத்தை நம் புலவர்கள் பெரிதும் வளர்த்துள்ளனர். கும்பகோணத்து அருணாசலம் இயற்றிய தாலவிலாசம் பனையின் 801 பயன்களைத் தொகுத்துரைப்பதாகப் பேர்குசன் காலந்தொட்டுக் கூறப்படுகிறது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரும் அதே பெயரில் ஒரு நூல் பாடினார். ஆயின் 801 பயன்களை எண்ணியோர், அவை யார் யாரைச் சென்றடைந்தன என எண்ணினாரல்லர்.

ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்சு என்பவரால் 1707இல் தொகுக்கப்பெற்றதும், 1806இல் ஆங்கிலேயரால் சட்டவலு அளிக்கப்பெற்றதுமான தேசவழமைச் சட்டத்தை நோக்கின் நிலைமை தெளிவாகும். ஒற்றி என்னும் ஈட்டு முறையில், கடன்பட்டவன் தன் நிலத்தைக் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைப்பான். வட்டிக்குப் பதிலாக நிலத்தின் விளைவைக் கடன் கொடுத்தவன் அனுபவிப்பான். எனவே தன் தந்தை நட்ட பனையின் கீழ் விழுந்த பழத்தையும் ஒற்றிவைத்தவன் உரிமையோடு பொறுக்க இயலாது. இதற்கும் கீழே, நிலமே இல்லாதோர் இருந்தனர். அடிமைகளாக வைக்கப்பட்ட சாதியினரைப் பற்றி அதே சட்டம் தனிப் பிரிவிற் கூறுகின்றது. அடிமை முறை 1844இற் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆயினும் நிலம் அவர்களைச் சென்றடையவில்லை. மரத்தில் ஏறி உழைத்தவர்க்கு மரம் சொந்தமாயிருந்தது அரிது.

மரத்தின் பயனைத் தீர்மானித்ததும் உடைமையாளரே. பூம்பாளையைச் சீவிக் கள்ளோ பதநீரோ எடுத்தால் அம்மரம் அவ்வாண்டு பழம் தராது. கள்ளும் வெல்லமும் சந்தைக்குரியவை. பழமும் பனாட்டும் பெரும்பாலும் வயிற்றுக்குரியவை. மரத்தையே வெட்டி விற்பதும் உண்டு. ஒல்லாந்தர் காலத்திலே பனைமரம் யாழ்ப்பாணத்தின் முக்கிய ஏற்றுமதிகளுள் ஒன்றாயிருந்தது. விதையினின்று முளைத்த பனை காய்க்கப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும் என்பதை எண்ணினால், ஒரு மரத்தின் வீழ்ச்சி ஒரு தலைமுறையின் பனாட்டு இழப்பு என்பது விளங்கும்.

பேர்குசன் தரும் மற்றொரு செய்தி இவ்விடத்திற் பொருள் பொதிந்தது. பனாட்டுப் பாய் ஒன்று 3 தொடக்கம் 6 சிலிங் வரை விலைபோயிற்று என்றும், நெடுந்தீவாருக்கும் குடாநாட்டு ஏழை வகுப்பாருக்கும் ஆண்டிற் பல மாதங்கள் அதுவே தலையாய உணவு என்றும் அவர் எழுதினார். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பனாட்டு சிற்றுண்டியன்று; ஏழையின் சோறு. பணம் உள்ளவன் வாங்கவும் இல்லாதவன் செய்யவும் கூடிய சோறு. விடியுமுன் எழுந்து தோப்புகளிற் பழம் பொறுக்கச் சென்ற பெண்களும் சிறுவர்களும், அறுவடை முடிந்த வயலிற் சிந்திய கதிர் பொறுக்கும் உலகத்து ஏழைகளின் உறவினரே. கேற்றோவின் கணக்கிற்போல் இங்கும் பழம் கனிந்ததும் எளியோர் உணவில் தானியம் குறைந்தது. வேறுபாடு ஒன்றே: இங்கே அக்கணக்கை எவரும் எழுதிவைக்கவில்லை.

மறைவும் மீள்வரவும்

பனாட்டு அன்றாட உணவினின்றும் அகன்றதற்குக் காரணம் சுவை மாற்றமன்று. கப்பலில் வந்த அரிசி. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த அரிசி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எளிதிற் கிடைத்தது. உத்தியோகத்தாலும் மலாயா சென்றோர் அனுப்பிய பணத்தாலும் கையிற் காசு புழங்கிய குடும்பங்களில் மூன்று வேளையும் சோறு உண்பது மதிப்பின் அடையாளமாயிற்று. பனாட்டு உண்பது வறுமையின் அடையாளமாயிற்று. ஏழையின் உணவு என்பதனாலேயே அது இழிவுற்றது.

1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் வசமானதும் பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. கைவிட்ட பனாட்டுப் பாய்களும் ஒடியலும் மீண்டும் தேவைப்பட்டன. போர் முடிந்தபின் அரிசியும் கோதுமை மாவும் வரவே, அவை மீண்டும் மறக்கப்பட்டன. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடும், 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடும் உள்ளூர் உணவின்மீது மறுபடியும் கவனத்தைத் திருப்பின. 1978இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்றது. பனம்பண்டங்கள் பொதிசெய்யப்பட்டுக் கடைகளுக்கு வந்தன.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டுக்குச் செல்லும் பொருள்கள்மீது தடைகள் விதிக்கப்பட்டன. அவ்வாண்டுகளில் அங்கு வாழ்ந்தோர் பனம்பழத்தை இரு வகையில் நினைவுகூர்வர். ஒன்று, பசிக்கு அது உதவியமை. மற்றது, சவர்க்காரம் கிடையாத அந்நாளில் உடை தோய்க்க அது உதவியமை. பனங்களியில் தோய்த்துக் கொடியிற் காயவிட்ட சட்டையை, அதன் மணத்துக்கு வந்த மாடு மென்றுவிட்ட கதையை இன்று சிரித்துக்கொண்டே கூறுவர். அன்று, மாற்றுச் சட்டை இல்லாதவர் எவரும் சிரித்திருக்கமாட்டார். அதே போரிலே எறிகணைகளாலும், காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்டமையாலும் பனைகள் பெருந்தொகையாக அழிந்தன. காப்பாற்றிய மரமே முதலிற் பலியாயிற்று.

இன்று பனம்பழம் எவ்வடிவில் எஞ்சியுள்ளது எனப் பார்ப்பின் ஒரு முரண் புலப்படும். பரவலாகச் செய்யப்படுவது பனங்காய்ப் பணியாரமே. அதில் இடும் மா பெரும்பாலும் கோதுமை மா. பழம் தானியத்துக்கு ஈடாக நின்ற காலம் போய், இறக்குமதித் தானியத்துக்கு மணமூட்டும் பொருளாக நிற்கும் காலம் வந்துள்ளது. பனாட்டோ கடைகளிற் சிறு பொதிகளாகவும், புலம்பெயர்ந்தோர்க்கு அனுப்பும் பெட்டிகளில் ஊர் நினைவாகவும் காணப்படுகிறது. வறியவரின் உணவு, வசதியுள்ளவரின் ஏக்கமாக மாறியுள்ளது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரு உண்மைகள் பெறப்படும். முதலாவது, பனம்பழத்தைப் பதப்படுத்திய முறைகள் வெறும் சமையற் குறிப்புகளல்ல. நெல்லுக்கும் நெல்லுக்கும் இடைப்பட்ட மாதங்களைக் கடப்பதற்கு, ஆறில்லா நிலத்து மக்கள் கண்ட சேமிப்பு நுட்பம் அவை. இரண்டாவது, அந்நுட்பத்தைக் காத்தவர்கள் ஏடெழுதியோரல்லர். தேவை நேர்ந்தபோதெல்லாம் சமூகம் அவர்களிடம் சென்றது. தேவை தீர்ந்தபோதெல்லாம் அவர்களையும் அவர்தம் உணவையும் இழிவாகக் கருதியது.

பனையைக் கற்பகதரு எனப் போற்றுவதோடு அமைதல் வரலாற்று மாணவர்க்குப் போதாது. பனாட்டுப் பாயை விரித்த கைகள் இன்று முதுமை எய்தியுள்ளன. எத்தனை படை, எந்த வெயில், எந்த மரம் என்பனவற்றையும், பழம் பொறுக்கப்போன இடத்திற் பெற்ற ஏச்சுகளையும் அவர்கள் வாயிலாகவே கேட்டு எழுதுதல் நம் கடமையாகும். தொல்காப்பியம் பனாட்டு என்னும் சொல்லின் புணர்ச்சியைப் பேணிற்று. அச்சொல்லுக்குப் பின்னாலுள்ள உழைப்பையும் பசியையும் பேணுதல் நமக்கு விடப்பட்டுள்ளது.